நோட்டீஸ் ஃபைனல் டூ ஓகே சார்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு மெயில் இருந்ததாம். அதற்குக் கண்ணைப் பறிக்கிற அழகு உண்டாம், வாய் மட்டும் கிடையாதாம்.

சிரிக்காதீங்கண்ணே. எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் இப்படித்தான் தொடங்குவார்கள். ரேஷன் கடையில் பருப்பு வரவில்லை என்பதைக்கூட ஒரே ஒரு ஊரில் என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும், கொட்டாவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும். நீங்க உசிலம்பட்டிதானே? அதுவரைக்கும் கொட்டினால் போதும். நான் ஆண்டிபட்டி. அங்கே ஒருத்தரைப் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அரப்பாளையத்தில் பஸ் ஏறியதில் இருந்து அதையேதான் நினைத்துக்கொண்டு வருகிறேன். யாரிடமாவது சொல்லிவிட்டால் தேவலை போல இருக்கிறது.

என் பேர் சேனாபதி. மதுரையில் ஒரு சின்னக் கம்பெனி, கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் நாங்கள். கடைக்காரர்கள், காலேஜ்காரர்கள் எல்லாம் மொத்தமாக மெயில் அனுப்புகிறார்கள் இல்லையா, தள்ளுபடி தள்ளுபடி என்று வருமே, நீங்கள் திறக்காமலேயே அழிப்பீர்களே, அதைச் செய்கிறவன் நான்தான். கலர் போடுவது, பட்டன் வைப்பது, படம் சேர்ப்பது எல்லாம். நன்றாகச் செய்வேன் அண்ணே. அதைச் சொல்லிவிட வேண்டும். அழகாகச் செய்வேன்.

பக்கத்து மேசையில் நிலோஃபர் அக்கா. அவருக்கென்று சில சட்டம் உண்டு. அவர் எழுதின சட்டம் இல்லை, மெயில் செய்கிறவர்களுக்கு உலகம் பூராவும் இருக்கிற முறைதான். ஆனால் எங்கள் ஆபீசில் அவர் ஒருத்தர்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுவார், அதனால் நிலோஃபர் சட்டம் என்று பேராகிவிட்டது. எழுத்து எழுத்தாகவே போக வேண்டும், படமாக்கிப் போகக் கூடாது. படம் வைத்தே ஆக வேண்டும் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று பின்னால் மறைவாக விவரம் எழுதி வைக்க வேண்டும், கண் தெரியாதவர்களுக்குப் போன் அதைத்தான் வாசித்துக் காட்டும். கறுப்புத் திரையிலும் எழுத்து தெரிய வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு, படங்களை அணைத்துவிட்டு ஒரு தடவை திறந்து பார்க்க வேண்டும். அதுக்கும் அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, போனை வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சாயங்காலம் ஆனால் அக்கா போனைக் காதில் வைத்து, கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார்.

"என்னக்கா, மெயிலுக்குத் தியானமா?"

"ஆமாடா. உன் மெயிலுக்கும் சேத்துத்தான். அதுக்கு எங்கேயாவது நல்ல கதி கிடைக்கட்டும்."

"எல்லாரும் பாக்கத்தான்க்கா செய்றாங்க. மெயிலை யாரு கேக்குறா?"

"நீ செய்றது போஸ்டர்டா. செவுத்துல ஒட்டினா ஒட்டின மாதிரியே இருக்கும். மெயிலு அப்படியா? ஒவ்வொருத்தன் போனுக்குள்ளயும் போய் ஒவ்வொரு மாதிரி முழிக்கும். நீ ஒவ்வொரு வீடாப் போய் நிமித்தி வைப்பியா?"

ஒரு தடவை ஒரு புடவைக் கடைக்கு ஆடித் தள்ளுபடி மெயில் செய்தேன். பளிச்சென்று வெள்ளையில், ஓரமெல்லாம் ஜரிகை மாதிரி. அதில் தள்ளுபடி எழுத்தைக் கறுப்பில் வைத்திருந்தேன். கறுப்புத் திரை வைத்திருக்கிற போனில் வெள்ளையெல்லாம் கறுப்பாக மாறி, அது இருட்டோடு இருட்டாகக் கலந்துவிட்டது. தெரிந்தது ஒரே வரி. "நிபந்தனைகளுக்கு உட்பட்டது." கடைக்காரர் எங்கள் ஓனருக்குப் போன் போட்டு, "என்னய்யா, தள்ளுபடியைக் காணோம், நிபந்தனை மட்டும் நிக்குது, கடையைப் பூட்டச் சொல்றியா?" என்று கேட்டார். அக்கா அன்றைக்கு முழுவதும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "நிபந்தனை, டீ குடிக்க வர்றியா?" என்று கூப்பிட்டார்.

அதற்கும் நான் திருந்தவில்லை. திருந்தியிருக்கலாம்.

தமிழில் வேலை வந்தால் இன்னொரு தொல்லை. நிறையப் பேர் இன்னும் பழைய டைப்பிங் ஃபாண்டில்தான் அடித்து அனுப்புகிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டரில் அது தமிழ். நம் மெயிலில் ஒட்டினால் கோழி கிளறின மாதிரி ஏதேதோ எழுத்து. மறுபடி உட்கார்ந்து முதலில் இருந்து அடிக்க வேண்டும். அதற்குப் பதில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே படமாக்கி மெயிலில் வைத்துவிடுவது. நாங்கள் மட்டும் இல்லை அண்ணே, ஊரில் பாதிப்பேர் அப்படித்தான். உங்க பிள்ளை ஸ்கூலில் இருந்து வருகிற நோட்டீஸைப் பாருங்க, படமாகத்தான் இருக்கும்.

படத்தை ஓனர் வரதன் சாருக்குக் காட்டுவோம். அவர் தன் பெரிய போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "செமையா இருக்குய்யா, ஓகே" என்பார். அவர் ஓகே சொன்னது எது, சொல்லாதது எது என்று குழம்பக் கூடாதில்லையா? அதனால் ஃபைலுக்கே அப்படிப் பேர் வைத்துவிடுவோம். ஃபைனல். ஃபைனல் டூ. ஃபைனல் டூ ஓகே சார். "ஓகே சார்" என்று முடிந்துவிட்டால் அதன்மேல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. எங்கள் ஆபீசில் அது சாமிக்கு வைத்த படையல் மாதிரி.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன். உம் கொட்டுறீங்கதானே? சரி.

ஒரு காலேஜ், பேர் வேண்டாம். அங்கே பேராசிரியர் வேலைக்கு நேர்முகத் தேர்வு, திங்கட்கிழமை காலையில். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் அவசரமாக ஒரு தகவல் அனுப்பினார்கள். டவுனுக்குள் இருக்கிற பழைய கட்டடத்தில் இல்லை, நத்தம் ரோட்டில் இருக்கிற புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டோம், எல்லாருக்கும் மெயில் போட்டுவிடுங்கள் என்று. பழைய ஃபாண்ட். நிலோஃபர் அக்கா மேலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் ஒருத்தன். திரும்ப அடித்திருந்தால் அரை மணி நேர வேலை. பெரிய தாள்கூட இல்லை.

படமாக்கிவிட்டேன். ஆனால் சும்மா படமாக்கவில்லை அண்ணே. காலேஜ் சின்னத்தைப் பின்னால் மங்கலாகப் போட்டு, ஊதாவில் ஓரம் கட்டி, இடம் மாற்றம் என்பதைச் சிவப்பில் பெரிதாக வைத்தேன். வரதன் சார் பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை தோத்துச்சு போ" என்றார். ஓகே சார். அனுப்பிவிட்டேன். விவரம் எழுதுகிற இடத்தை நான் தொடவே இல்லை. தொடாவிட்டால் அந்த இடத்தில் ஃபைலின் பேர் தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டேன், யார் அதைப் பார்க்கப்போகிறார்கள் என்று.

திங்கட்கிழமை அந்தக் காலேஜின் பழைய கட்டடத்துக்கே வேறொரு வேலையாகப் போனேன். அவர்கள் ஆண்டுவிழாப் படங்களை வாங்கி வரச் சொல்லியிருந்தார் வரதன் சார். ஒரு ஈ காக்கை இல்லை. மாடிப்படியில் ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சார், முப்பத்தைந்து வயது இருக்கும், சட்டை மடிப்புக் கலையாமல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். மடக்கு வெள்ளைக்கோல் கையில். பக்கத்தில் அவர் அக்கா, ஃபைலால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்டர்வியூ எந்த ரூம்ல? கேக்க ஒரு ஆளைக் காணோம்," என்றார் அந்த அக்கா.

"என்ன இன்டர்வியூக்கா?"

"வரலாறு வாத்தியாருக்கு. எந்தம்பிக்கு. ஆண்டிபட்டியில இருந்து வர்றோம்."

"அது புதுக் கட்டடத்துல ஆச்சே. மெயில் பாக்கலையா?"

பாக்கலையா என்று கேட்டேன் அண்ணே. கோலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "பாக்க நமக்கு வசதி இல்ல தம்பி, கேக்கத்தான் முடியும்," என்று சிரித்தார். "ஒண்ணு வந்துச்சு. பத்துத் தடவை கேட்டேன், விளங்கல. நீங்க வேணா கேட்டுப் பாருங்க."

போனைத் தடவினார். ஒரு பெண்குரல், கடகடவென்று. "முக்கிய அறிவிப்பு. இமேஜ். நோட்டீஸ் ஃபைனல் டூ ஓகே சார். இந்த மெயில்கள் வேண்டாம் என்றால் இங்கே அழுத்தவும்."

"யாரோ யாரையோ ஓகே சார்ங்கிறாங்க," என்றார். "சரி, எல்லாம் ஓகேதான் போலன்னு கெளம்பி வந்துட்டோம்."

அந்த அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்றைக்குவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் ஓடினேன் பாருங்க. ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்து, டிரைவரிடம் வழி சொல்லி, கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். அந்த அக்கா என் தலையைத் தொட்டு, "நல்லாயிருக்கணும் தம்பி" என்றார். சார் தன் நம்பரைச் சொன்னார், என் நம்பரையும் பேரையும் கேட்டு வாங்கினார். அவர் பேர் வனராஜ். மெயில் முகவரி எங்கள் ஆபீசில் இருந்தது. நான்தான் அந்த மெயிலைச் செய்தவன் என்று சொல்ல அப்போது வாய் வரை வந்தது. ஆட்டோ கிளம்பிவிட்டது. கிளம்பட்டும் என்றுதான் நானும் நின்றிருந்தேனோ என்னவோ.

மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

"முடிஞ்சுபோச்சு சேனாபதி. கையெழுத்துப் புத்தகத்தை மூடிட்டாங்களாம். மெயில் எல்லாருக்கும் போயிருக்கு, நீங்க வராதது உங்க பொறுப்புன்னுட்டாங்க. பரவால்ல விடுங்க. அந்த இடம் வரைக்குமாவது போனோமே, அது உங்களாலதான்."

"பரவால்ல சார்" என்றேன். என்னத்தைப் பரவாயில்லை என்றேன்? அவர் ஏழெட்டு வருஷமாகத் தற்காலிக வேலையில் இருக்கிறாராம். இது நிரந்தர வேலை.

செவ்வாய்க்கிழமை நிலோஃபர் அக்கா வந்தார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. அந்த மெயிலைத் தன் போனில் திறந்து, கண்ணை மூடி, முழுசாகக் கேட்டார். அப்புறம் காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசினார். தகவல் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று காட்டி, மாசக் கடைசிக்குள் மனுக் கொடுத்தால், அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேச வழி இருக்கிறதாம். ஆனால் மெயிலைச் செய்தவர்கள் வந்து, இது இப்படித்தான் போனது என்று சொல்ல வேண்டுமாம்.

வரதன் சார் குறுக்கே விழுந்தார். "மெயில் போச்சா? போச்சு. அதோட நம்ம வேலை முடிஞ்சுது. நாமளே போய்க் கழுத்தை நீட்டணுமா? நாளைக்கு எந்தக் காலேஜ்காரன் வேலை குடுப்பான்?"

அக்கா என்னைத்தான் பார்த்தார். "அவருகிட்டச் சொல்லுடா. மனுப் போடச் சொல்லு. நீயும் கூட வர்றேன்னு சொல்லு."

"எப்படிக்கா சொல்றது?"

"போனை எடுத்துச் சொல்லு. இல்ல, குடு நம்பரை, நான் பேசறேன்."

"வேணாம்க்கா. என் தப்பு. நானே சொல்றேன்."

சொன்னேன் அண்ணே. சத்தியமாகச் சொன்னேன். அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

போன் பண்ண முடியவில்லை. ரெண்டு தடவை நம்பரை எடுத்தேன், அவர் குரல் காதுக்குள் வந்து நின்றது, வைத்துவிட்டேன். டைப் அடித்து அனுப்பலாம் என்றால், டைப் அடித்த மன்னிப்பு என்ன மன்னிப்பு? பேங்க்காரன் அனுப்புகிற மாதிரி இருக்கும். அதனால் கையால் எழுதினேன். கோடு போடாத தாள் வாங்கினேன். மைப் பேனா வாங்கினேன், நீல மை. எழுதி எழுதிக் கிழித்தேன். நான்தான் அதைச் செய்தேன், சோம்பலால் செய்தேன், நீங்கள் மனுக் கொடுங்கள், நான் வந்து உங்கள் பக்கத்தில் நின்று சொல்கிறேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று அவ்வளவும் எழுதினேன். கடைசி வரியில் கை நடுங்கி மை கொஞ்சம் இழுகிவிட்டது. அதை அப்படியே விட்டேன். அது உண்மை இல்லையா? பார்க்கிறவருக்குப் புரியட்டும் என்று.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடித்து, ஓரம் வெட்டி, வெளிச்சம் சரி செய்து மெயிலில் வைத்து அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை அதில் சேர்க்கவில்லை. இந்தத் தடவை நிலோஃபர் சட்டத்தையும் மீறவில்லை அண்ணே. விவரத்தை ஒழுங்காகக் கொடுத்துவிட்டேன்.

அக்கா தினமும் கேட்டார், "சொல்லிட்டியாடா?" "சொல்லிட்டேன்க்கா." "என்ன சொன்னாரு?" "யோசிக்கிறாரு போலக்கா."

ரெண்டு வாரம் ஆகிறது. ஒரு பதில் இல்லை. நாளைக்கு மாசக் கடைசி. மனு நாளைக்குள் போக வேண்டும். கோபம் இருக்கும், யார் இல்லை என்றது? திட்டியாவது ஒரு வரி போடலாம். நான் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறேன், அவர் கொஞ்சம் இறங்கக் கூடாதா? இந்த மாதிரி ஆட்களுக்கு ரோஷம் கொஞ்சம் கூடுதல் என்பார்கள். நான் அப்படி நினைக்கிறவன் இல்லை. இருந்தாலும் சொல்கிறேன். வீம்பினால் ஒரு வேலையை விடுவார்களா? அதான் லீவு போட்டுவிட்டு நேரிலேயே கிளம்பிவிட்டேன். வாசலில் நின்று திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். திட்டி முடித்ததும் மனுவில் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். மனுவைக்கூட நானே அடித்துக் கொண்டுவந்திருக்கிறேன்.

கடிதத்தைப் பார்க்கிறீங்களா? இந்தாங்க. கையெழுத்து எப்படி? எங்கள் ஸ்கூலில் பரிசு வாங்கின கையெழுத்து. பெரிசு பண்ணிப் பாருங்க, அந்த இழுகின இடம் தெரியும்.

என்னண்ணே?

யார் படித்துக் காட்டுவார் என்றா கேட்கிறீங்க? யாரும் இருக்கமாட்டார்கள். அவர் தனியாகத்தான் இருக்கிறார் என்று அன்றைக்குப் போனில் சொன்னார், துணைக்கு வந்த அந்த அக்கா இருப்பது போடியில். அதான் சொன்னேனே, போனே வாசித்துவிடும், அதற்குத்தான் விவரம் எழுதி இருக்கிறேன். நிலோஃபர் சட்டப்படி. படத்தில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும், எழுதியிருக்கிறேன். "நீல மையில் கையால் எழுதிய ஒரு கடிதம்." அப்படி எழுதியிருக்கிறேன். அதைக் கேட்டால் அவருக்கு...

அண்ணே.

அவ்வளவுதான் கேட்டிருக்கும் அவருக்கு. இமேஜ். நீல மையில் கையால் எழுதிய ஒரு கடிதம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கடைசி வரி இல்லை, முதல் வரியும் இல்லை.

யார் அனுப்பினது என்றுகூடத் தெரிந்திருக்காது. ஆபீஸ் மெயிலில் இருந்துதான் அனுப்பினேன், என் பேரைக் கடிதத்துக்குள்தான் எழுதியிருக்கிறேன். ரெண்டு வாரம் அண்ணே. மனுக் கொடுக்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. ரெண்டு வாரமாக நான் அவர்மேல் வருத்தப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இருங்க, எழுந்திரிக்காதீங்க. உசிலம்பட்டியா, வந்துவிட்டதா? ஒரு நிமிஷம்.

அப்போது அவருக்கு என்மேல் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. திட்டு வாங்கத்தான் தயார் பண்ணிக்கொண்டு வந்தேன். நான் போய்க் கதவைத் தட்டினால், என் குரலைக் கேட்டதும், "சேனாபதியா? ஆட்டோ பிடிச்சுக் குடுத்த தம்பியா? இவ்வளவு தூரம் வந்தீங்களா?" என்பார். உட்காரச் சொல்வார். தண்ணி கொண்டுவருவார். அந்தக் கிளாஸை வாங்கிக்கொண்டு எப்படிண்ணே சொல்வேன்?

நீங்களும் வாங்களேன். ஆண்டிபட்டி பக்கந்தானே. டிக்கெட் நான் எடுக்கிறேன். ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா பக்கத்தில் நின்றால் போதும்.

இல்லையா. ஆமா, வீட்டில் தேடுவார்கள். சரி. சரிண்ணே. அம்மா, கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க, இவர் இறங்கணும். பார்த்து இறங்குங்க, படி உசரம்.

என்னண்ணே, என்ன சொல்றீங்க? ஜன்னல் கண்ணாடி, கேக்கலை. கேக்கலைண்ணே, கையைக் காட்டாதீங்க, வாயால சொல்லுங்க...

போயிட்டார்.